ஆறு இடிக்கையன்களும் ஒரு கண்டக்டரும்

விட்டுப்போன புருஷனை மறக்க ஒவ்வொருத்தி ஒவ்வொரு வழி வைத்திருப்பாள். வசனக்காரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளை விட்டுப்போன மனிதர் அவள் வேலை பார்க்கும் அறையின் சுவரில் ஆறு பேராக உட்கார்ந்திருந்தார்.

அது 'முஷ்டி' என்ற கணினிச் சண்டை விளையாட்டின் ஆள்வரிசை. ஆறு பாகம் வந்து சக்கைபோடு போட்டுவிட்டு, இப்போது ஏழாவது தயாராகிக்கொண்டிருந்தது. விளையாட உட்காருகிறவர், முதலில் யாராக இருந்து சண்டை போடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இருபத்துநாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். அந்தக் கட்டங்களைத்தான் அட்டையில் அச்சடித்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தார்கள். நட்டநடுவில் இடிக்கையன். அகன்ற தோள், ஏறிய ஒற்றைப் புருவம், உலகத்துக்கே பாடம் நடத்த வந்தவன் போல ஒரு முகவாய். அந்த விளையாட்டின் கதாநாயகன் அவன்தான். முதல் பாகத்தில் அவனுக்கு உடம்பையும் குரலையும் கொடுத்தவர் அவள் புருஷன். நாலாம் பாகம் பாதியில் நிற்கும்போது அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இடிக்கையன் போகவில்லை. ரசிகர்கள் விடவில்லை.

விடாதது மட்டுமா? பாகத்துக்குப் பாகம் பெருகினான். கெட்டவனாகிப் போன கரு இடிக்கையன் வந்தான். அடுத்து இரும்பில் செய்த இயந்திர இடிக்கையன். பிறகு, அதுவரை யாரும் கேள்விப்படாத இடிக்கையன் தம்பி. சின்ன வயது இடிக்கையனாக ஒரு பொடியன். வருங்காலத்திலிருந்து இருமிக்கொண்டே வந்த கிழ இடிக்கையன். முகம் ஒன்று, முகவாய் ஒன்று, தலைமுடியின் நிறம் மட்டும் வேறு. இதற்குப் பெயர் கற்பனை வளமாம். ஐந்து பேருக்கும் குரல் கொடுத்தவர் அதே மனிதர். வசனம் எழுதியவள் அவள்.

"அக்கா, இந்தத் தடவை ஒரு யோசனை வச்சிருக்கேன்" என்றான் தம்பி. அவள் கூடப்பிறந்த தம்பிதான் விளையாட்டின் இயக்குநர். மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். கடையும் மாடியும் அப்படியே இருந்தன. தம்பிக்கு மட்டும் சுழல் நாற்காலி வந்திருந்தது.

"சொல்லாத. இடிக்கையனுக்குப் பாட்டன்."

"அது இல்ல. பெண் இடிக்கையன்."

"அடப்பாவி."

"நல்லா யோசி. அதே அடி, அதே உதை, ஆனா பொண்ணு."

"அதே முகவாயுமா?"

"கொஞ்சம் இழைச்சுக்கலாம்."

"ஆளுக்கு ஒரு முகம் செய்ய வக்கில்லாம, ஒரே மூஞ்சியை ஏழு கட்டத்துல ஒட்டிட்டு, இதுக்கு யோசனைன்னு பேரு வேற. காலியா இருக்கறது ஒரே கட்டம்டா. மூணாம் பாகத்துலேர்ந்து அது என் கண்டக்டருக்குன்னு சொல்லிட்டு இருக்க."

கண்டக்டர் அவள் உருவாக்கிய ஆள். நாற்பது தாண்டிய ஒரு பேருந்து நடத்துநர். தோளில் தோல்பை, கழுத்தில் விசில். மேல்கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடி இரண்டு காலாலும் எட்டி உதைப்பாள். விசிலடித்தால் எதிராளி அரை நொடி அப்படியே நிற்பான். பிடித்துத் தள்ளினால் திரையின் அந்த ஓரத்துக்கே போய்ச் சேருவான். ஒவ்வொரு பாகத்திலும் அவளை முன்வைத்தாள். ஒவ்வொரு பாகத்திலும் அந்தக் கட்டத்தில் இன்னொரு இடிக்கையன் ஏறி உட்கார்ந்தான். இதுதான் கடைசிக் கட்டம், இன்றுதான் வரிசையை மூடும் நாள். இன்றைக்கும் விட்டால் இன்னும் நாலு வருஷம் அந்த மனிதருக்கே வாய்ச்சவடால் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பியின் மனைவி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ரசிகர்களோடு பேசுவது, அவர்களிடம் ஓட்டு வாங்குவது எல்லாம் அவள் வேலை.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லலை. ஓட்டெடுப்பு வச்சோம். யார் வேணும்னு கேட்டதுக்கு முதல் இடம் இடிக்கையன், ரெண்டாவது கரு இடிக்கையன், மூணாவது இயந்திரம். கண்டக்டருக்கு..."

"கண்டக்டரை அவங்க கண்ணால பார்த்திருக்காங்களாம்மா?"

"பார்த்ததில்ல."

"பார்க்காதவளுக்கு எப்படிம்மா போடுவாங்க ஓட்டு? தட்டுல தினம் ஒரே பண்டத்தை வச்சுட்டு, உனக்கு என்ன பிடிக்கும்னு கேட்டா, தட்டுல இருக்கறதைத்தான் காட்டுவாங்க."

"அதெல்லாம் சரிதான்" என்றான் தம்பி, சரியில்லை என்ற குரலில். "எதுக்கும் அத்தானை வரச் சொல்லியிருக்கேன். பெண் இடிக்கையனுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சுக் காட்டறேன்னாரு."

"யாரை?"

"அத்தானை."

"விவாகரத்து எனக்கு மட்டும்தான் ஆச்சா? உனக்கு இன்னும் ஆகலையா?"

"கூப்பிட்டுப் பழகிடுச்சுக்கா."

தம்பி கூப்பிடப்போய், ஒலிப்பதிவுக்காரர், படம் வரைகிறவர்கள், தேநீர் கொண்டுவருகிறவர் என்று அலுவலகத்துக்கே அவர் அத்தான் ஆகிவிட்டிருந்தார். ஊரார் அத்தனை பேருக்கும் அக்காளைக் கட்டியவர் போல ஒரு நடை வேறு.

அந்த நடையோடுதான் உள்ளே வந்தார். முழங்காலில் பட்டை. மீசைக்கு அடித்த மை மூக்குக்குக் கீழேயும் கொஞ்சம் பரவியிருந்தது.

"என்ன, என் சுவர் எப்படி இருக்கு?" என்றார், இடிக்கையன் குரலில். சாதாரணமாகப் பேசினால் அவருக்குத் தேநீர்கூடக் கிடைக்காது என்ற பயம் போல.

"உங்க மூஞ்சி போட்ட இடம் போக மிச்சம் இருக்கற சுவர் நல்லா இருக்கு" என்றாள் வசனக்காரி.

"தம்பி, உங்க அக்காவுக்கு வாய் குறையவே இல்ல."

"வாய்னதும் ஞாபகம் வந்தது" என்று அவள் எழுந்தாள். "கண்டக்டரை இன்னிக்கு நிக்க வைக்கப் போறேன்."

'நிற்க வைப்பது' அந்த அலுவலகத்தின் வழக்கம். முதல் பாகம் செய்யும்போது அவர்களிடம் நல்ல கணினி இல்லை; சண்டைக்காரர்களின் கால் தரைக்குள் புதைந்து போகும், கை தோளை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கும். ஆனால் அடிதடிக்கு முன்னால் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வார்த்தை விட்டார்கள். அதைக் கேட்கத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப விளையாடினார்கள். அன்றைக்கு அவள் போட்ட விதி: புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவருகிறவர், நீல விரிப்பின்மேல் நின்று அந்த ஆளாகவே பேச வேண்டும். எதிரே வரிசையில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல வார்த்தை இருந்தால் இருவருக்கும் இடம். வார்த்தை இல்லாதவர் வெளியே. அடிக்கத் தெரிந்தவன் ஆயிரம் பேர் கிடைப்பான், திட்டத் தெரிந்தவன்தான் ஆள் என்பது அவள் கட்சி.

"அதை அஞ்சாம் பாகத்தோட விட்டுட்டோமேக்கா" என்றான் தம்பி.

"விட்டதோட விளைவுதான் சுவர்ல இருக்கே."

மூலையிலிருந்து தராசு எழுந்து வந்து நீல விரிப்பைப் பிரித்துப் போட்டார். தராசு என்பது பட்டப்பெயர். எந்தச் சண்டைக்காரரின் அடியும் மற்றவர் அடியைவிடக் கனமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நிற்க வைக்கும்போது நடுவரும் அவர்தான்.

"மத்தவங்களை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள் அவள். "முதல்ல இவரோட ஆறு பேரையும் வரச் சொல்லுங்க."

அத்தான் சிரித்தார். "ஆறு பேரும் நான்தானே. தாங்குவியா?"

"ஒருத்தரையே பல வருஷம் தாங்கினவதான் நான்."

விரிப்பில் ஏறியதும் அவள் தோளில் இல்லாத பையைச் சரிசெய்துகொண்டாள். விரிப்பின்மேல் மட்டும்தான் அவளுக்கு அவர் 'நீ'. கீழே இறங்கினால் பழைய மரியாதைதான், புளித்துப்போன மரியாதை.

முதலில் கரு இடிக்கையன். அத்தான் குரலைக் கிணற்றுக்குள் இறக்கினார். "இருட்டுக்கே நான்தான் எஜமான். என்னை எதிர்த்து நின்னவன் எவனும் திரும்பிப் போனதில்ல."

"இருட்டா இருந்தா விளக்கைப் போடச் சொல்லு. அதுக்கு ஏன்டா பஸ்ஸையே மிரட்டற?"

தம்பியின் மனைவி மடிக்கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடுத்தது இயந்திரம். அத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னை. எதிர்த்து. நின்னவன். எவனும். திரும்பிப். போனதில்ல" என்றார்.

"லக்கேஜுக்குத் தனி டிக்கெட்."

இடிக்கையன் தம்பி வந்தான். "எங்கண்ணனை எதிர்த்து நின்னவன் எவனும்..."

"அண்ணன் பேர், அக்கா பேர் சொல்லி ஓசியில ஏறினவங்க எல்லாம் அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கோங்க."

இயக்குநரான தம்பி சுழல் நாற்காலியில் கொஞ்சம் சுழன்று சன்னலைப் பார்த்தான்.

பொடியன் மழலையில் அதையே சொன்னான். "அரை டிக்கெட்டுக்கு சீட்டு கிடையாது. யார் மடியிலயாவது உக்காரு" என்றாள். கிழவன் இருமி இருமி அதையே சொன்னான். "பெரியவங்க சீட்டு முன்னாடி இருக்கு. எழுந்திருக்கச் சொல்றேன். அதுவரைக்கும் வாயைக் கொஞ்சம் மூடிட்டு வாங்க, காத்து புகுந்துடும்."

"அத்தான்" என்றார் தராசு, "அஞ்சு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னீங்க."

"குரலை மாத்தினேனே!"

"குரல் அஞ்சு. வார்த்தை ஒண்ணு."

"இரு, இரு" என்றான் தம்பி. "இன்னும் அசல் ஆள் நிக்கலை. அதுக்குள்ள கணக்கை முடிக்காதீங்க."

அசல் இடிக்கையனாக நிற்கும்போது அத்தான் வேறு ஆளாகிவிடுவார் என்பதை அவளாலும் மறுக்க முடியாது. தோள் ஏறியது. புருவம் ஏறியது. அவசரப்படாமல் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீ போனதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, இந்த வீட்ல இவ்வளவு காத்து வரும்னு."

அவளுக்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு சமையலறை. அவர் பெட்டியோடு போன வாரம், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்தால் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் திரட்டி வைத்த வாக்கியம் அது. அவர் வரவில்லை. நாலாம் பாகத்துக்கு வசனம் கேட்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. நல்ல வாக்கியம் வீணாகிறதே என்று இடிக்கையன் வாயில் போட்டுக் கொடுத்தாள். அந்த ஒரு வரிக்காக ரசிகர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"அக்கா" என்றான் தம்பி மெல்ல. "பதில்?"

அத்தானுக்கு ருசி கண்டுவிட்டது. "உன்கிட்ட இருக்கறது கோபம் இல்ல. செரிக்காத பொறாமை."

அதுவும் அவளுடையதுதான். ஐந்தாம் பாகம். அவர் புதிதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போன சமயம்.

"இதெல்லாம் நான் எழுதினது" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. பையைத் தொலைத்தவள் குரல் போல இருந்தது.

"எழுதினது நீ. சொன்னது நான். ஜனங்க கேட்டது என்னை" என்றார் அத்தான்.

சரியான பதில்தான், என்ன செய்ய? திட்ட வேண்டிய ஆளுக்கே திட்டையெல்லாம் பரிசாகக் கொடுத்து, அவரை மாவீரனாக்கி, அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறாள். இதைவிட அசட்டுத்தனம் அந்தச் சுவரில்கூட இல்லை. கண்டக்டர் தோளிலிருந்து பை நழுவுவது போல இருந்தது.

"விதி நீ போட்டதுதான்கா" என்றான் தம்பி. அவன் குரலில் வருத்தம் இருந்தது. அதைவிடப் பெண் இடிக்கையன் அதிகம் இருந்தாள். "பதில் இல்லைன்னா..."

"பழசு செல்லாது" என்றார் தராசு.

"என்ன?"

"புது ஆளோட நிக்கும்போது புது வார்த்தை வேணும். போன பாகத்துல சொன்னதை எடுத்து வீசறது ஆட்டத்துல இல்லை. அத்தான், நீங்களா ஒண்ணு சொல்லுங்க."

"நானாவா?"

"நீங்களா."

அத்தான் தொண்டையைச் செருமினார். முழங்கால் பட்டையை இழுத்துவிட்டார். கூரையைப் பார்த்தார். மின்விசிறியில் வசனம் ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

"ஏய்... கண்டக்டர்... நான்... நான்தான் இடிக்கையன். என் கை இருக்கே... அது..."

"அது?" என்றார் தராசு.

"அது இடி."

"தெரியுது" என்றாள் கண்டக்டர். "ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்க. இறங்கற இடம் வந்தா சொல்றேன்."

அறையே வெடித்துச் சிரித்தது. தம்பிகூட அடக்கப் பார்த்து முடியாமல் இருமினான். மூன்றாம் பாகத்திலிருந்து கேட்ட கட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அவள் விரிப்பிலிருந்து ஒரு காலை இறக்கினாள்.

அத்தான் இறங்கவில்லை. ஏறிய தோள் இறங்கியிருந்தது. புருவம் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்திருந்தன. அந்த முகத்தை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. குரலிலும் இடி இல்லை. பல் வலிக்காரர் பேசுவது போலப் பேசினார்.

"உன்கூட இருந்த வரைக்கும், நான் ஆரம்பிச்ச ஒரு வாக்கியத்தையும் நான் முடிச்சதில்ல."

சிரித்தவர்கள் சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்கள்.

வசனக்காரிக்கு முதலில் வந்தது ஆத்திரம். அந்த ஆத்திரமும் அவர் சொன்னதற்காக இல்லை. அது நல்ல வரி என்பதற்காக. ஒரு வார்த்தை கூட்ட முடியாது, ஒரு வார்த்தை குறைக்க முடியாது. இத்தனை வருஷமும் அவருக்கு எழுதிப் போட்டதில் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது. இவ்வளவை உள்ளே வைத்துக்கொண்டுதான் இந்த மனிதர் 'என் கை இடி' என்று திரிந்தாரா? அதோடு, அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது. அவர் 'இன்னிக்கு வரும்போது' என்று ஆரம்பித்தால் 'மழை பிடிச்சுக்கிச்சு, குடை இல்ல, தெரியும்' என்று முடித்தவள் அவள்தான்.

இறக்கிய காலை மறுபடி விரிப்பில் வைத்தாள்.

"அதான் இறக்கிவிட்டேன்" என்றாள் கண்டக்டர்.

"நீ எங்க இறக்கிவிட்ட? நான்தான் இறங்கினேன்."

"விசிலடிச்சது யாரு?"

"ஓடற பஸ்லேர்ந்து குதிச்சேன். விசிலுக்குக் காத்திருந்தா கிழவனாகியிருப்பேன்."

"ஆகலைன்னு யார் சொன்னா?"

"போதும்!" தராசு இரண்டு கையையும் தூக்கினார். "ரெண்டு பேருக்கும் இடம் உண்டு. மத்த அஞ்சு பேரும் வெளியே."

தம்பி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "அஞ்சு கட்டம் காலியாச்சுன்னா நான் எங்க போவேன்? பெண் இடிக்கையனுக்குத் தொப்பிகூட வரைஞ்சாச்சு!"

"அஞ்சு புது மூஞ்சி பிடி. அதுக்குத்தானே சுழல் நாற்காலி வாங்கின?"

"ரசிகருங்க நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க அக்கா" என்றாள் தம்பியின் மனைவி. உடனே அவள் கண்ணில் வியாபாரம் மின்னியது. "ஒண்ணு பண்ணலாம். இயந்திரத்தை மட்டும் ஒளிச்சு வைப்போம். விளையாட்டு வந்து நாலு மாசம் கழிச்சு, ரொம்பக் கெஞ்சினதால கொடுக்கறோம்னு தனியா விப்போம்."

"பேசாத இயந்திரமா இருந்தா வித்துக்கோ" என்றாள் வசனக்காரி. "அதுக்கு ஒரு வார்த்தை எழுத மாட்டேன்."

அத்தான் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு முகம் இருந்த சுவரில் ஐந்து அட்டைகள் உரிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிப்பதிவு அடுத்த மாதம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே அத்தான். இந்தப் பக்கம் அவளும் தராசும் ஒலிப்பதிவுக்காரரும். கண்டக்டரைப் பார்த்ததும் இடிக்கையன் சொல்ல வேண்டியது அந்த ஒரே வரி. அவள் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அத்தான் காதில் கருவியை மாட்டினார், தோளை ஏற்றினார், முழங்கினார். "உன்கூட! இருந்த! வரைக்கும்!"

"வேணாம்" என்றாள் ஒலிவாங்கியில். "அன்னிக்குச் சொன்ன மாதிரி சொல்லுங்க."

"எந்த மாதிரி?"

"மனுஷன் மாதிரி."

மறுபடி சொன்னார். மேடை ஏறி மாலை வாங்க வந்தவர் போல இருந்தது. மறுபடி. இப்போது அழுதார். "இது ஒப்பாரி" என்றாள். மறுபடி. தண்ணீர் கேட்டார். பட்டையைக் கழற்றினார். மறுபடி.

கடைசியில் அலுத்துப்போய்த் தோள் தானாகவே தொங்கியது. "உன்கூட இருந்த வரைக்கும்" என்றார், பல் வலிக்காரர் குரலில், "நான் ஆரம்பிச்ச..." என்று மூச்சுக்கு நிறுத்தினார்.

"ஒரு வாக்கியத்தையும் நான் முடிச்சதில்ல" என்றாள் அவள் ஒலிவாங்கியில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் காதுக் கருவியைக் கழற்றினார். தராசைப் பார்த்தார். ஒலிப்பதிவுக்காரரைப் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் சொன்னது கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தராசு மேசைக்கு அடியில் விழுந்த எதையோ வெகுநேரம் தேடினார்.

அவள் காது வரை சிவந்து, ஒலிவாங்கியின் பொத்தானைத் தட்டி அணைத்தாள். ஒலிப்பதிவுக்காரரிடம், "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினாள்.

அத்தான் மறுபடி மாட்டிக்கொண்டார். ஆரம்பித்தார். அதே இடத்தில் நிறுத்தினார். இந்தத் தடவை மூச்சுக்காக அல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது, வேண்டுமென்றேதான் நிறுத்தினார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு, சாவகாசமாக, புருவம்கூட ஏறாமல் நின்றார்.

அவள் பொத்தானைத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முடிச்சுத் தொலையேன்டா" என்றாள், அணைத்த ஒலிவாங்கிக்கு முன்னால்.

அவர் முடித்தார்.